ஒண்ணுக்குப் பதில் லாபம்

தை 10, வெள்ளி
வாடைக் காற்று. விடிந்ததிலிருந்து ஏரியில், இடுப்பளவு தண்ணீர். பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் துழாவி இறால் பிடிப்பு. அரைப் பறிகூட இல்லை. விரலில் இரண்டு கீறல், மஞ்சள் வைத்தாயிற்று.

கடல் ஆய்வு செய்கிற சென்னை மேடம் போன். ஞாயிறு கடலுக்கு, டால்பின் எண்ண. சம்பளம் கிடையாது, சோறு உண்டு. போன இரண்டு தடவையும் கரையில் நின்று பைனாகுலர். இந்தத் தடவை படகில்!

எடுத்துப்போக: தொப்பி, எலுமிச்சை, பழைய துப்பட்டா.

அக்கா சொல்கிறாள், "எட்டாவது படிச்ச திமிரு." ஆமாம், திமிர்தான்.

தை 12, ஞாயிறு
படகு தேசப்பன் அண்ணனுடையது. ஏறும்போதே சொல்லிவிட்டார், கடலில் எதையும் வாய்விட்டு எண்ணக்கூடாது, எண்ணினால் மீன் விலகிப்போகும் என்று. மேடத்தின் முறை வேறு. பார்த்தவர் உரக்கச் சொல்ல வேண்டும், அவர் தாளில் குறிப்பார்.

முகத்துவாரம் தாண்டி ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. வாந்தி, ஒரு தடவை. யாரும் பார்க்கவில்லை.

பிறகு டால்பின் முதுகுகள். ஒண்ணு, ரெண்டு என்று ஆறு வரை கத்தினேன். அண்ணன் சொன்னது மறந்துவிட்டது. பொய். மறக்கவில்லை. காலமெல்லாம் பறியைக் கடித்து வாயை மூடியே வேலை செய்தவள், ஒரு நாளாவது கத்த வேண்டாமா.

அண்ணன் இன்ஜின் வேகத்தைக் குறைத்தார். படகைத் திருப்பினார். பாதி வேலை போச்சு.

தை 14, செவ்வாய்
இரண்டு நாளாக அண்ணனின் வலை காலியாம். நான் எண்ணியதால். டீக்கடையில் என் காதுபட ஒருத்தன்: "ஏரில எறா புடிக்கிறவளுக்கு கடல்ல இன்னா வேல?"

மாலை மேடம் போன். வரும் ஞாயிறு நான் கரையிலேயே இருக்க வேண்டுமாம். படகு கிடைக்காவிட்டால் ஆய்வே நின்றுவிடுமாம். நல்ல மனுஷிதான். போனை வைத்ததும் அழுதேன். அப்புறம் கோபம். ஏரியிலும்தான் எறா இல்லை, அங்கே யார் எண்ணியது?

சோப்பு, தீப்பெட்டி வாங்க மறந்தாச்சு.

தை 17, வெள்ளி
யாரிடமும் சொல்லாமல் மீன் இறக்கும் இடத்துக்குப் போனேன். தேசப்பன் அண்ணன் வியாபாரி எதிரே நண்டு எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். லாபம், ரெண்டு, மூணு... கூட்டத்திலேயே கேட்டேன்.

"நண்ட மட்டும் எண்றியேண்ணா, அது கோச்சிக்காதா?"

"இது கரை. இங்கயும் நாங்க ஒண்ணுனு ஆரம்பிக்கிறதில்ல. லாபம்னுதான்."

"அப்ப நானும் லாபம்னே ஆரம்பிக்கிறேன். ஞாயித்துக்கெழம வருவேன். ஏத்தலனா நீந்தி வருவேன்."

வியாபாரி சிரித்தான். அண்ணனுக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது, மறுபடி முதலிலிருந்து. ஆனால் வராதே என்று சொல்லவில்லை. மேடத்துக்குப் போன் பண்ணி, வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தை 19, ஞாயிறு
ஏறிவிட்டேன். யாரும் கை கொடுக்கவில்லை, தேவையும் இல்லை. பனி. அலை குறைவு. வாந்தி இல்லை.

முதலில் கண்டது அண்ணன்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மேடத்திடம் சத்தமாக, லாபம், ரெண்டு, மூணு, நாலு. எனக்கு ஒரு எண்கூட மிச்சம் வைக்கவில்லை. மேடம் நாலு என்று எழுதிவிட்டார்.

நான் கண்ணை எடுக்கவில்லை. பெரியதன் வயிற்றோரம் ஒரு குட்டி. தாய் எழும்பும்போது மட்டும் எழும்புகிறது.

"அஞ்சு" என்றேன்.

"நாலுதாம்மா" என்றார் அண்ணன்.

"அடுத்த தபா எழும்போது பாருண்ணா."

எழும்பின. ஐந்து. அண்ணன் பீடி பற்றவைத்தார்.

மேடம் நாலை அடித்துவிட்டு ஐந்து போட்டார். 'பார்த்தவர் பெயர்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அண்ணனின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். தாளை வாங்கி நானே எழுதினேன். மல்லிகா.