கட்டம் போட்ட மாதங்கள்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அப்புறம் நான் எதைப் பேச. இதை நம் காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் மங்கியதிலிருந்து ஷெட்டில் உறை போட்டு நிற்கிறதே அதேதான், உறையைப் பாதி விலக்கிவிட்டு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். நம் வீட்டில் நான் தாழ்ப்பாள் போட்டால் யாரும் தட்டாத கதவு இது ஒன்றுதான். குளியலறையில் கொஞ்சம் நேரமானாலும் "உள்ளதானே இருக்க?" என்று குரல் வந்துவிடும். உள்ளே இல்லாமல் நான் ஜன்னல் வழியாகக் குதித்தா போய்விடுவேன்?

நீ அனுப்பிய புள்ளி வைத்த நோட்டும் கலர் பேனாக்களும் வந்த அன்று எனக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை, பள்ளிக்கூடம் திறக்கிற அன்று புது நோட்டை முகர்ந்து பார்ப்போமே அப்படி இருந்தது. கூடவே நீ அனுப்பிய வீடியோவில் அந்தப் பெண் செய்கிற மாதிரியே மாதத்தின் பெயரைப் பெரிதாக எழுதி, ஒரு பக்கம் தேதிகள், எதிர்ப்பக்கம் அந்த மாத லட்சியங்கள், அதற்கடுத்து தினப்படி பழக்கங்களுக்குக் கட்டம் என்று எல்லாம் போட்டேன். பழக்கம் எழுதுவது சுலபமாக இருந்தது, தண்ணீர் குடிப்பது, நடப்பது, கொஞ்சம் படிப்பது. லட்சியம் என்கிற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. அப்பாவுக்குக் கண் டாக்டர், மாடித் தொட்டி கழுவுவது, உன் பல்வலி, இதுதான் வந்தது, எனக்கென்று ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அப்பா பார்த்தார். பாட்டில் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராகவே காலம் தள்ளிய மனுஷர், கட்டத்தைக் கண்டதும் கை அரித்துவிட்டது. கோடு கோணல் என்று ஸ்கேல் வைத்துத் திரும்பப் போட்டார். கண் மங்கியிருப்பதால் தடித்த மார்க்கரால் அவரே இன்னும் வரிசைகள் சேர்த்தார், மூச்சுப்பயிற்சி, முட்டிப்பயிற்சி, தேவையில்லாத பேச்சைக் குறைப்பது. தினமும் சாயங்காலம் இன்ஸ்பெக்‌ஷன். "தண்ணி ஏன் குறையுது?", "நடை ஏன் காலியா இருக்கு?" என்று கேட்பார். நீ எனக்காக அனுப்பிய நோட்டுக்கு நான் தினம் பதில் சொல்லும்படி ஆகிவிட்டது. குடிக்காத தண்ணீரைக் குடித்தேன் என்று கட்டத்தை நிரப்பியிருக்கிறேன், சிரிக்காதே. கார் விஷயத்தை அவர் அடித்துவிடவும் இல்லை. முடியாத வேலைக்கு அம்புக்குறி போட்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம் என்று வீடியோவில் வருகிறதே, அதைக் கற்றுக்கொண்டார். மாதக் கடைசியில் அதற்கு ஒரு அம்பு போட்டு வாய்தா வாங்கினார். மறு மாதமும் அப்படியே.

அதற்கடுத்த மாதம் அவர் மார்க்கரை எடுத்தபோது கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். "அம்பு போடாதீங்க, நான் நாளைக்கே டிரைவிங் ஸ்கூல்ல சேர்றேன்" என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "கண்ணுதான் போச்சு. நீயும் சாவிய எடுத்துட்டு கிளம்பிட்டா இந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு?" என்றார். அதட்டினால் எதிர்த்து நாலு வார்த்தை பேசலாம். இதற்கு என்ன பேசுவது? பாவம் என்றும் இருந்தது, அந்தப் பாவத்திலேயே என்னைக் கட்டிப் போடுகிறாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

இருந்தாலும் மறுநாள் போனேன். கற்றுத் தருகிற பெண் உன்னைவிடச் சின்னவள், வாய் துடுக்கு. நான் பயத்தில் பிரேக்கை மிதித்தபடியே இருந்ததைப் பார்த்து, "அம்மா, வண்டி ஓட்டத்தானே வந்தீங்க, நிறுத்த இல்லையே" என்றாள். பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரென்று உனக்கே தெரியும். எடுக்கவில்லை. பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் நானே ஓட்டினேன் குட்டி, உள்ளங்கையெல்லாம் வேர்வை, ஆனால் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி நம் தெருவுக்குள் வரும்போது முனையில் அப்பா நிற்கிறார், வருகிற ஒவ்வொரு வண்டியையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி. எங்கள் வண்டி கிட்ட வரும்வரை அவருக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்த பதற்றத்தில் வண்டியை நிறுத்தித் தொலைத்தேன், குலுங்கி அணைந்தது. ஜன்னலில் குனிந்து, "கிளட்ச்ச மெதுவா விடணும்" என்றார். இப்போது பின் சீட்டில் தானும் வருவேன் என்கிறார். "ரெண்டு வாத்தியார் இருந்தா வண்டி நகராது சார்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். அதனால் தினமும் முனையில் நிற்கிறார். விட்டுப் போகவும் முடியவில்லை, கூட வைத்துக்கொண்டு மூச்சு விடவும் முடியவில்லை. அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட், போகத்தான் போகிறேன்.

நீ இதற்காக அப்பாவோடு சண்டைக்குப் போகாதே. அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு எதையாவது கேள், குழாய் ஒழுகுகிறது என்ன செய்ய என்றாவது கேள், அந்த நேரமாவது என்னை விடுவார். இன்னொன்று, போன வாரம் நீயும் இதே மாதிரி எழுதி வருகிற உன் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாயே. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, ஒரு நாள்கூட விடாமல். அப்பா பெருமைப்பட்டார், எனக்கு என்னமோ அது சரியாகப் படவில்லை. அங்கே நீ தனியாகத்தானே இருக்கிறாய், கட்டம் ஏன் காலி என்று உன்னை யார் கேட்கிறார்கள்? உடம்பு அசந்தால் படுத்துக்கொள், ஒரு வரிசை முழுக்கக் காலியாகக் கிடக்கட்டும்.

எந்தக் குறையுமில்லாமல் மனம்போல் வாழ்வாய், என் கண்ணு. பல் டாக்டரிடம் போக மறக்காதே. அப்பா கூப்பிடுகிறார், இறங்குகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா