தண்ணீரில் விழுந்தவர்கள் சொன்ன சொல்

உன் மனைவி இன்று காலை மடவை மீன் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அது சட்டியில் வறுபடும் வாசனை கூடத்துக்கு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ என்றே எழுதுகிறேன். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தருக்குப் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷி என்கிற மிதப்பில், என்னைவிட மூத்த படகுக்காரனான உன்னை, நீ உயிரோடு இருந்தவரைக்கும் ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டேன். போன பிறகு மரியாதை கொடுத்தால் அது வேஷம்.

அந்த வருஷம் கோட்டைப் பாதிரியாருக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது, நினைவிருக்கிறதா? தேசம் தேசமாகச் சிதறிக் கிடக்கும் பேச்சுகளில் சில, ஆதியில் ஒரே வீட்டில் பேசிய பேச்சாக இருந்திருக்க வேண்டும் என்பார். அதைக் காட்டுவதற்கு ‘நான்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். தன்னைக் குறிக்கும் சொல்லை எவனும் அயலானிடம் இரவல் வாங்க மாட்டான் என்பது அவர் வாதம். சொற்களைத் திரட்டுவது என் வேலை. ஒல்லாந்தருக்கு ‘இக்’. போர்த்துகல் பறங்கியருக்கு ‘ஏவு’. குதிரை கொண்டுவரும் வியாபாரிகளின் பாரசீகத்தில் ‘மன்’. திருப்பாலைவனம் கோயில் குருக்களிடம் கேட்டு வந்த வடமொழியில் ‘அஹம்’. நாலும் நாலு திக்கில் நின்றன. மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கப்பலுக்குப் போவதும் வருவதும் உன் படகில்தான். ஒருநாள் போகிற வழியில் இதைச் சொல்லிப் புலம்பினேன். நீ துடுப்பை நிறுத்தாமலே சிரித்தாய்.

“தண்ணில வுழுந்தவன் எவனாவது ‘நான்’னு கத்துவானா, துபாசிகாரு? ‘என்ன புடி’னுதான் கத்துவான். ஒல்லாந்தன் ‘மை, மை’ன்றான். பறங்கி ‘மீ’ன்றான். குதுரக்காரன் ‘மரா’ன்றான். எல்லாம் உதட்ட மூடித் தொறக்குற ஒரே சத்தம். நாமளும் தெலுங்கனும்தான் வேற.”

அலை உடையும் இடத்தில் படகு கவிழும்போதெல்லாம் ஆட்களைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டவன் நீ. அவர்கள் கத்தியது உன் காதில் தங்கிவிட்டது. வடமொழியில் கத்திக்கொண்டு யாரும் கடலில் விழவில்லை என்பதால் அதற்கு மட்டும் குருக்களிடம் மறுபடி போனேன். ‘என்னை’ என்பதற்கு ‘மாம்’ என்றார் மனுஷர். அதுவும் நீ சொன்ன அதே உதட்டுச் சத்தம்.

ஓடி வந்து உன்னிடம்தான் முதலில் சொன்னேன். அப்போதுதான் நீ ஓர் உதவி கேட்டாய். துணிப்பொதி ஒன்று அலையில் போனதற்கு உன் தம்பியைத் திருடன் என்று கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள். விலங்கு மாட்டிக் கடலுக்கு அப்பால் ஒல்லாந்தரின் பத்தாவியாவுக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது.

“பாதிரி சொன்னா கோட்டத் தொர கேப்பாருனு சொல்றாங்க. இந்தச் சொல்லுங்க என் கிட்டேர்ந்து வந்துச்சுனு அவரு கிட்ட சொல்லுங்க. மனசு எளகும். அப்பால தம்பி சேதியச் சொல்லுங்க.”

“சொல்றேன்பா” என்றேன். சொல்வதாகத்தான் இருந்தேன். அதை நீ நம்ப வேண்டும்.

பாதிரியார் என் தாளைப் படித்தார். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “இதைக் கண்டுபிடித்தது யார்?” என்று கேட்டு என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் எந்த வெள்ளைக்காரனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சமமானவனைப் பார்க்கிற பார்வை அது.

“நான்” என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். உன் தம்பி பேச்சு தொண்டை வரை வந்தது. ஆனால் எப்படி எடுப்பது? படகுக்காரன் ஒருவனுக்காக நான் ஏன் கெஞ்ச வேண்டும் என்று கேட்டால் உன்னைச் சொல்ல வேண்டும். உன்னைச் சொன்னால் அந்தப் பார்வை போய்விடும். அது இன்னும் கொஞ்ச நேரம் என்மேல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவு அற்பமான ஆசை.

கோட்டை வாசலில் வெயிலில் நின்றிருந்தாய். “இன்னா சொன்னாரு?”

“கேட்டேன்பா. முடியாதுனுட்டாரு.”

நீ தலையைக் குனிந்துகொண்டாய். “பரவால்ல. நீங்க கேட்டீங்களே” என்றாய். மறுநாள் ஓலைக்கூடை நிறைய மடவை என் வீட்டுக்கு வந்தது. வெட்கங்கெட்டவன், சாப்பிட்டேன்.

உன் தம்பியைக் கப்பலேற்றிய அன்று உன் படகுக்குத்தான் முறை வந்தது. பெயர்களைப் படிக்க நானும் அதில் இருந்தேன். கயிற்றேணியில் பாதி ஏறியவன் திரும்பி, “என்ன வுட்டுடாத, நைனா” என்றான். அப்பன் இல்லாமல் நீ வளர்த்தவன் உன்னை அப்படித்தான் கூப்பிடுவான். நீ துடுப்பைப் பிடித்தபடி நின்றாய். நான் அடுத்த பெயரைப் படித்தேன்.

பாதிரியார் அந்தத் தாளில் என் பெயரை எழுதிச் சீமைக்கு அனுப்பினார். அதை யாராவது படித்தார்களா, கப்பலோடு முழுகிற்றா, தெரியாது. முழுகியிருந்தால் நல்லது என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைக்க மனம் வருவதில்லை என்பதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது.

நீ காய்ச்சலில் கிடந்த கடைசி வாரம் கோட்டைக்குப்பத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தேன். உள்ளே நுழைந்ததும் உன் மனைவியைக் கூப்பிட்டு, எழுந்து உட்கார முடியாமலே என்னைக் காட்டினாய்.

“இவர மறந்துடாத. நமக்காகக் கோட்டைல வாயத் தொறந்து கேட்டவரு இவரு ஒருத்தருதான்.”

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

நான் கேட்கவேயில்லை.