மோட்டார் கொட்டகையில் வந்த சாமி

பிப்ரவரி 13, வியாழன், திண்டிவனம்

ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டான் பிரேம்குமார். அத்தை மகன், அம்பிகாவின் அண்ணன். அம்பிகாவுக்கும் எனக்கும் இந்த மாதக் கடைசியில் நிச்சயம். பாண்டிச்சேரியிலிருந்து ஏதோ போதை ஸ்டாம்ப் கொண்டுவந்திருக்கிறானாம், நாக்கில் வைக்கிறது. "ஒருத்தன் தெளிவா கூட இருக்கணும் மச்சான். நீ பீர் கூடத் தொடாத. நான் பயந்தா கையப் புடிச்சிக்கோ, அவ்ளோதான்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 16, ஞாயிறு

அத்தை வீட்டு மல்லாட்டைக் கொல்லை, கடலைச் செடிக்கு நடுவில் மோட்டார் கொட்டகை. ஸ்டாம்ப்பை நாக்கில் வைத்ததும் பிரேம் முதலில் சிரித்தான். அப்புறம் தொட்டித் தண்ணீரைப் பார்த்து ஓவென்று அழுதான், உடம்பெல்லாம் நடுக்கம். நான் கையை விடவில்லை. அம்சா அத்தை சோறு எடுத்துக்கொண்டு வருவாள் என்று எவன் கண்டான்! தூக்குவாளியை வைத்துவிட்டு, விழுந்து கும்பிட்டாள்.

"வந்திருக்கிறது யாரு? அங்காளம்மாவா? எம்பொண்ண இந்தப் பய அறிவுக்குக் குடுக்கலாமா தாயே? சொல்லிட்டுப் போ."

பிரேம் என்னையே பார்த்தான். "குடுக்காத" என்றான்.

சாமி இல்லை அத்தை, போதை — ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயே வரவில்லை.

பிப்ரவரி 17

போதையில் உளறினானா? மனசில் இருந்ததா? கேட்டால், "ஒண்ணும் ஞாபகம் இல்லடா" என்று வேறெங்கோ பார்க்கிறான். சே! நிஜமாகவே சாமிதானோ என்று எனக்கே தோன்றித் தொலைக்கிறது. அங்கே தெளிவாக இருந்தவன் நான் ஒருத்தன்தான், லட்சணம்!

பிப்ரவரி 19

நிச்சயம் நின்றுபோயிற்று. அத்தைக்கு என்மேல் கோபமே இல்லை, அதுதான் பேஜாரு. "உம்மேல குத்தம் இல்ல கண்ணு, ஆத்தா வாக்கு. அடுத்த வெள்ளிக்கெழம திரும்ப வாக்கு கேக்கணும், நீயும் வந்துடு. நீ பக்கத்துல இருந்தாதான் அவனுக்கு எறங்குது."

பிப்ரவரி 20

சொன்னால் பிரேமை மாமா வெட்டிப்போடுவார். சொல்லாவிட்டால் அம்பிகா இல்லை. என்னதான் பண்றது நான்?

பிப்ரவரி 23, ஞாயிறு

விழுப்புரம் போனேன். அம்பிகா அங்கே நர்சிங் படிக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன், மடையன்.

"சாமியே சொன்னாலும் உங்களத்தான் கட்டிப்பேன்னு அம்மாகிட்ட சண்ட போட்டுக்கினு இருக்கேன் மாமா" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "எங்கண்ணன் நடுங்கிக்கினு கெடந்திருக்கான். எங்கம்மா கும்புட்டுக்கினு இருந்திருக்கு. தெரிஞ்சிக்கினே சும்மா பாத்துக்கினு இருந்தீங்களா?"

கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் திரும்பி ஹாஸ்டல் பக்கம் நடந்துவிட்டாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

அம்பிகாவே வீட்டில் உடைத்துச் சொல்லிவிட்டாளாம். இன்று பிரேமை விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கிருந்து அவன்தான் போன் பண்ணினான். "பயமா இருக்குதுடா மச்சான். நீ கொஞ்சம் வந்து கூட இருக்கிறியா?"

பின்னால் அம்பிகாவின் குரல் கேட்டது. "யாரு, அவரா? வேணாம்ணா. நான் இருக்கேன் இல்ல?"

சரி, வைக்கிறேன் என்று பிரேம் வைத்துவிட்டான்.