விறகின் மேல் கிடக்கும் முகம்

நேற்று உன் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கொல்லையில் விறகு நனையாமலிருக்க ஒரு பேனரைப் போர்த்தியிருந்தார்கள். வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் நாற்றம் மூக்கில் ஏறியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். உன் நினைவுப் பூசைக்கு அடித்த பேனர். கோட்டும் டையும் போட்டு, பால் தேத்தண்ணி நிறத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

உனக்கு முதலில் கோட்டு மாட்டியவர் மாத்தளை ஸ்டூடியோக்காரர். நீ கனடா போவதற்காகப் படம் எடுக்கப் போயிருந்தோம். ஆணியில் ஒரு கோட்டு தொங்கியது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான். அதை மாட்டிவிட்டு முகத்தில் பவுடரை அப்பினார்.

"சும்மா இருங்க தம்பி. வெளிநாட்டுக்காரன் பாக்கணும்ல?"

வெளியே வந்ததும் தெருக்குழாயில் முகத்தைத் தேய்த்துக் கழுவினாய். "ஊர்ல உள்ளவன் வேர்வையெல்லாம் இப்ப என் மேல, மச்சான்."

நிருபர் வேலையில் எத்தனையோ மரண அறிவித்தல் படங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. யார் செத்தாலும் அதே வெளுத்த முகம், அதே கோட்டு.

டொரொண்டோவில் நீ உன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தாய். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் அங்கே யார் என்று தேட உனக்கு வேறு வழி தெரியவில்லை. ஊருக்கு வந்திருந்தபோது என் வீட்டு முன்னறையில் ஒன்றை வரைந்தாய். கடையில் விற்கும் கறுப்பு வர்ணத்தை நீ தொடமாட்டாய். மண்நிறத்தையும் நீலத்தையும் குழைத்து, கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துக் கண்ணாடியில் பார்ப்பாய். பொட்டு தெரியாமல் போனால்தான் அது உன் நிறம்.

டொரொண்டோவில் நீ உன் அம்மாவை வரைந்திருந்த படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அங்க கண்காட்சி நடத்துறவன் முதுகுல கொழுந்துக் கூடை போடச் சொல்றான். அம்மா பிள்ளைக்காம்பராவுல, கொழுந்து பறிக்கப் போறவங்களோட புள்ளைகளப் பாத்தவ. கூடைக்கு நான் எங்க போறது?" என்று சிரித்தாய். பிறகு என் வீட்டில் வரைந்ததைக் காட்டினாய். "நான் செத்தா இதத்தான் வைக்கணும். கோட்ட மாட்ட விட்டுறாத."

நீ கனடாவிலேயே செத்துப்போனாய். பூசை மட்டும் இங்கே. படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு உன் தங்கச்சியிடம் போனேன். அதற்குள் பேனர் வந்துவிட்டது.

"அண்ணே, மகளுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். மாப்பிள்ள வீட்டு ஆளுங்க வருவாங்க. இவ்வளவு கறுப்பா வச்சா லயத்து ஆளுங்கன்னு நெனப்பாங்க."

"லயத்து ஆளுங்கதானேம்மா?"

"அதுக்கு? ஊருக்கெல்லாம் காட்டணுமா?"

பூசையன்று கோயில் கேட்டில் பேனர் தொங்கியது. அதன் கீழே உன் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, பக்கத்தில் நின்றேன். எல்கடுவயிலிருந்து வந்தவர்கள் பேனரைத் தாண்டி இதன் முன்னால் வந்துதான் கும்பிட்டார்கள். உன் தங்கச்சி வேகமாக வந்து சேலைத் தலைப்பால் படத்தை மூடினாள்.

"வெயில்ல வைக்காதீங்கண்ணே. இன்னும் கறுத்துப் போவாரு."

படம் மறுபடி என் முன்னறையில் இருக்கிறது. நேற்று வந்ததும் என் மகளை அதன் முன் நிறுத்தி, நான் செத்தால் எனக்கும் கோட்டு வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

"சரிப்பா" என்றாள். "லேசா பிரைட் பண்ணிக்கலாம்தானே?"

நீ குழைத்த நிறம் ஒரு சொட்டு அந்த அறைத் தரையில் காய்ந்து கிடக்கிறது. கூட்டும்போதெல்லாம் அவள் அதைச் சுரண்டப் பார்க்கிறாள். நான் விடுவதில்லை.