சென்னை–கொழும்பு, ஒன்றரை மணி நேரம்

வேலையை விட்ட பிறகும் தினமும் காற்றின் திசை பார்த்த என் அப்பாவுக்கு,

ஒன்றரை மணி நேரத்தில் பறந்துவிடக்கூடிய ஊருக்குப் போக எனக்கு ஏன் இரண்டு வருடம் ஆயிற்று? 

சென்னையிலிருந்து கொழும்புக்கு எழுநூறு கிலோமீட்டர்கூட இல்லை. நாளைக் காலை தூத்துக்குடியிலிருந்து முதலில் சென்னைக்குப் போக வேண்டும். "கொழும்பு தெக்க கெடக்கு, நீ வடக்கல்லா போற. அப்பா இருந்தா சிரிச்சிருப்பாவ" என்கிறான் தம்பி. தோணியை ஓட்டும் தண்டலாக நீங்கள் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன நாட்களில் நேர்வழிதான். காற்று ஒத்துவந்தால் மறுநாள் அக்கரை.

சரக்கோடு சாவுச் செய்தியும் போகும். இக்கரையில் ஒருவர் இறந்தால் அக்கரை உறவுக்கு நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்பது உங்கள் தோணிக்காரர்களின் வழக்கம். வீட்டுக்கு வீடு போன் வந்த பிறகும் நீங்கள் அதை விடவில்லை.

நீங்கள் இறந்தபோது அந்த வேலை எனக்கு வந்தது. கொழும்பில் தனியாக இருக்கும் உங்கள் தங்கை சிசிலி அத்தைக்கு மட்டும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்ததும் போகிறேன் என்றேன். பிறகு கல்லூரித் தேர்வுகள், பிறகு பாஸ்போர்ட், பிறகு காரணமே இல்லை. எந்த வழக்கத்தையும் நம்பாத நான் இதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டேன்? சொல்லாமல் இருக்க அது வசதியாக இருந்ததாலா?

போன வாரம் அத்தை போனில் அழைத்தார்.

"அண்ணன்கிட்ட குடு."

"தூங்குறாங்க அத்தை."

"எப்பக் கேட்டாலும் தூங்குதான்னே சொல்லுத. ஏளா, எம்மேல கோவமா அவனுக்கு? இருந்தா இருக்கட்டும். திட்டவாவது ஒரு வார்த்த பேசச் சொல்லு."

அன்றே விமானச் சீட்டு எடுத்தேன்.

"போன்லயே சொல்லிரேன்க்கா" என்றான் தம்பி.

"ரெண்டு வருசப் பொய்யப் போன்லயா?"

காலையிலிருந்து பெட்டியை மூன்று முறை திறந்து மூடிவிட்டேன். சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் வரவில்லை. உங்களுக்கு எப்படி வந்தது?

இனி யாரிடமும் நீங்கள் தூங்குவதாகச் சொல்ல மாட்டேன், அப்பா.

உங்கள் மூத்த மகள்

மறுநாள், கொழும்பு

விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியது. சொன்னேன். அத்தை அழவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டார்.

பிறகு சொன்னார்: "ரெண்டு வருசமா அவன் சொகத்துக்குன்னு மாசாமாசம் பூசை குடுத்தேன். செத்தவனுக்கு ஒரு பூசகூடக் குடுக்கலியேளா. அவன் ஆத்துமா என்ன பாடு பட்டுதோ."

இறந்தவரின் ஆன்மா பூசைகளுக்காகக் காத்துத் தவிக்கும் என்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதைச் சொல்லி அவரைத் தேற்ற முடியுமா? தேவாலயத்துக்கு மாலைப் பூசைக்குக் கூடவே போனேன். யாருக்காகப் பூசை என்று எழுதிக் கொடுக்கும் கருத்துச் சீட்டில், இறந்தவர்களுக்கான இடத்தில் உங்கள் பெயரை நான் எழுதினேன். அத்தை பேனாவை வாங்கி, பெயருக்கு முன்னால் 'என் அண்ணன்' என்று எழுதினார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.