சாகவிடாத ஜீன்

ஒஸ்லோ,
04.03.2024

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை முடக்கிய இந்த நோயில் நரம்புக் கலங்கள், அதாவது செல்கள், தாமாகவே தற்கொலை செய்துகொள்கின்றன. வைரஸ் புகுந்தாலும் கலம் இப்படித்தான் செத்து, அது பரவாமல் தடுக்கப் பார்க்கும். சில வைரஸ்கள் விடுவதில்லை; கலத்தைச் சாகவிடாத ஜீன் ஒன்றைக் கையோடு கொண்டுவருகின்றன. இரக்கத்தால் அல்ல, தங்க இடம் வேண்டுமே. எங்கள் ஆய்வுகூடத்தில் அந்த ஜீனை மட்டும் எடுத்து எலியின் நரம்புக் கலங்களுக்குக் கொடுத்தோம். சாக வேண்டியவை பன்னிரண்டு நாளாக உயிரோடு இருக்கின்றன. எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

தங்கை,
றுக்ஷானா

ஏறாவூர்,
27.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சொல்ல என் மனைவி, உன் மச்சி ஷஸ்னா எழுதுகிறாள். என் பேச்சு இப்போது இவளுக்கு மட்டுந்தான் விளங்குகிறது. போன் வேண்டாம் என்பது அதனால்தான்.

உன் கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்தவள் 'தற்கொலை'யில் நின்றுவிட்டாள். என் மனதில் இருப்பதைத்தான் நீ எழுதிவிட்டாயாம். நான் நெய்துவந்த தறியடியில் கிடந்த கத்தரிக்கோலையும் ஒளித்துவிட்டாள். அதைத் தூக்க எனக்கு விரல் எங்கே இருக்கிறது? "அது கலத்துட கத புள்ள, என்ட கத இல்ல" என்றேன். கேட்கவில்லை. அறையை விட்டு நகர்கிறாளும் இல்லை.

ஒன்று மட்டும் நேராகச் சொல். பிழைத்த கலம் விரலை அசைக்குமா?

காக்கா,
ஸாஹிர்

ஒஸ்லோ,
19.04.2024

அன்புள்ள காக்கா,

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். அசைக்காது. கலம் உயிரோடு கிடக்கிறது. விரலுக்குப் போகும் அதன் நீண்ட இழை மட்டும் பட்டுப்போகிறது. இது மருந்தாக வரும் என்றும் என்னால் சொல்ல முடியாது. ஆசை காட்டியது என் பிழை. யூன் மாதத்தில் லீவு கிடைக்கும், வருகிறேன்.

றுக்ஷானா

ஏறாவூர்,
08.05.2024

அன்புள்ள மச்சி,

இது உங்கள் காக்காவுக்குத் தெரியாமல் எழுதுவது. அந்தத் 'தற்கொலை'க்குப் பிறகு உங்கள் கடிதங்களை முதலில் நான் தனியே பார்த்துவிட்டுத்தான் அவருக்கு வாசிப்பேன். இந்த முறை "அசைக்கும்" என்று வாசித்தேன். இழைக் கதையை விட்டுவிட்டேன். லீவும் இல்லை என்று மாற்றிவிட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சோறு கேட்டார்.

இப்போது தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசிக்கச் சொல்கிறார். ஒரு சொல் தவறினாலும் திருத்துகிறார். நேற்று, "கடதாசியக் கண்ணுக்கு நேர புடி, நானே பாக்கணும்" என்றார். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குச் சொல்வது? நான் வாசித்தபடியே, அதே திகதி போட்டு, உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள்.

யூனில் வர வேண்டாம் மச்சி. உங்கள் முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஷஸ்னா

ஒஸ்லோ,
19.04.2024

அன்புள்ள காக்கா,

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். அசைக்கும்.

இந்த வருடம் எனக்கு லீவு இல்லை.

றுக்ஷானா