பெரிய குழி, சின்னக் குழி

அன்புள்ள அக்கா,

இத்துடன் இருப்பது இத்தாலிய ரொட்டி. வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து மாவோடு பிசைந்தால் பஞ்சாக வரும். நம் வீட்டின் முதல் பட்டதாரியான நான், முதல் தடவை கிழங்கைச் சூடாகவே கொட்டி ஈஸ்டைக் கொன்றுவிட்டேன்.

என்னிடம் ஓவன் இல்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவர் வீட்டில் இருக்கிறது. அவருடைய அம்மாவும் கூடவே இருந்தார், பயப்படாதே. மாவு உப்பும்வரை நானும் மகனும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஏம்மா, நீங்க பேசினா மாவு அமுங்கிடுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

உப்பிய மாவில் எண்ணெய் விட்டு விரலால் குழி போட வேண்டும். பக்கத்து மேசைக்காரர் பார்த்ததில் எனக்குக் கை ஓடவில்லை.

"தள்ளுங்க, மீதிய நான் போடுறேன்" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான். அதனால் ஒரு பாதியில் சின்னக் குழிகள், மறுபாதியில் பெரிய குழிகள்.

அப்பா தையற்காரர், கண்ணாலேயே அளவெடுத்துவிடுவார். சின்னக் குழிப் பாதியை மட்டும் அவருக்குக் கொடு.

வேண்டாம், முழுசாகவே கொடுத்துவிடு. "இது யாரு விரலு?" என்று கேட்டால், அப்பா சீக்கிரம் சட்டை தைக்க வேண்டியவருடையது என்று சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: சட்டை விஷயம் அவருக்கே இன்னும் தெரியாது. அவர் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.